சுழலும் தட்டுக்கு ஓய்வு

பினாங்குத் தீவிலிருந்து பாலத்தின் வழியாகப் பெருநிலத்துக்கு வந்தால் முதலில் பிறை. அதையொட்டி செபராங் ஜெயா. மாநிலப் பொது நூலகம், அரசு மருத்துவமனை, சன்வே கார்னிவல் பேரங்காடி, கருமாரியம்மன் கோயில், இவற்றைச் சுற்றி வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். இந்த வீடுகளிலும், கடைவீட்டு மாடிகளில் நடக்கும் டியூஷன் வகுப்புகளிலும், சிறு கிளினிக்குகளின் பதிவு மேசைகளிலும் ஒரே வகைக் கணினியை அடிக்கடி பார்க்கலாம். திரையே கணினி. தனிப் பெட்டி கிடையாது. எல்லாமே திரைக்குப் பின்னால் அடங்கியிருக்கும். இதைத்தான் ஆல்-இன்-ஒன் என்கிறார்கள். இடம் அடைக்காது, கம்பிகள் தொங்காது, பார்க்க அழகு. அதனால் பலர் விரும்பி வாங்கினார்கள்.

ஐந்தாறு ஆண்டுகள் போனதும் ஒரே புகார் வரும். பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு கோப்பைத் திறந்தால் திரை உறைந்து நிற்கிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும். இந்தத் தீர்ப்பு பெரும்பாலான நேரங்களில் தவறு. செயலி கிழவனாகவில்லை. நினைவகம் தேயவில்லை. திரையும் நன்றாகவே இருக்கிறது. உள்ளே ஓயாமல் ஓடி முதுமை அடைந்தது ஒரே ஓர் உறுப்பு: ஹார்ட் டிஸ்க். அதை மட்டும் மாற்றினால் அதே கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஏன் அப்படி என்று புரிய, அந்தச் சிறு உலோகப் பெட்டிக்குள் போக வேண்டும்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில்தான் ஹார்ட் டிஸ்க் முதன்முதலாக வந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று கைக்குள் அடங்கும் ஒரு டெராபைட் டிஸ்க் அதைப்போல இரண்டு லட்சம் மடங்கு எழுத்துகளைத் தாங்கும். அளவு இவ்வளவு மாறியும் அடிப்படை மாறவே இல்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஒரு கையின் நுனியில் உள்ள முனை அதன்மீது உள்ளும் வெளியுமாக நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள். மேசைக் கணினி டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது, அதாவது விநாடிக்கு 120 சுற்று. மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டின் வெளிவிளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தட்டோடு சேர்ந்து இழுபடும் காற்றே முனையைத் தூக்கி நிறுத்துகிறது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். சிகரெட் புகையின் ஒரு துகள்கூட அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாது. நுழைந்தால் தட்டில் கீறல்தான். ஹார்ட் டிஸ்க்கை வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான். மூடியைக் கழற்றிய கணமே நம் அறைக் காற்று அதற்கு நஞ்சு.

இப்போது வேகத்துக்கு வருவோம். ஒரு தகவலைப் படிக்க முனை முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு, தேவையான பகுதி சுழன்று தனக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். பல ஆல்-இன்-ஒன் கணினிகளில் இடம் மிச்சப்படுத்த மடிக்கணினிக்கான இரண்டரை அங்குல டிஸ்க்கைத்தான் வைத்திருப்பார்கள். அது நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதில் முனை நகரச் சராசரியாக 12 மில்லிவிநாடி, அரைச் சுற்றுக் காத்திருப்பு ஐந்தரை மில்லிவிநாடி. ஆக, ஒரு வாசிப்புக்குச் சுமார் 17 மில்லிவிநாடி. கணக்குக்காக, கணினி எழுந்து நிற்கப் பத்தாயிரம் சிறு கோப்புத் துண்டுகளைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 170 விநாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இன்று மாட்டப்படும், தட்டுக்குப் பதில் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் ஒரு வாசிப்புக்கு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அதே பத்தாயிரம் வாசிப்பும் ஒரே விநாடியில் முடிந்துவிடும்.

கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு இலைக்கும் ஒரே ஒருவர் சாம்பார் வாளியோடு ஓடினால் கடைசி இலைக்குச் சாம்பார் வருவதற்குள் முதல் இலைக்காரர் எழுந்துவிடுவார். ஹார்ட் டிஸ்க்கின் முனை அந்த ஒற்றை ஆள். எஸ்எஸ்டியில் பல சிப்புகள் ஒரே நேரத்தில் பரிமாறுகின்றன, ஓட்டமே கிடையாது. கணினி வாங்கிய புதிதில் முனைக்கு வேலை குறைவு. ஆண்டுகள் போகப்போக விண்டோஸ் பெருக்கிறது, வைரஸ் தடுப்பு நிரல் பின்னணியில் ஒவ்வொரு கோப்பையும் முகர்கிறது, புதுப்பிப்புகள் இறங்குகின்றன, எல்லோரும் அந்த ஒற்றை முனையையே கூப்பிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் செயலி பத்து விழுக்காட்டில் சும்மா இருக்கும்; டிஸ்க் மட்டும் நூறில் நிற்கும். நோய் எங்கே என்று கணினியே காட்டித் தருகிறது.

இந்தக் கதையைப் பினாங்கில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுக் கணினியில் நடக்கும் இந்த மாற்றம் இந்த மாநிலத்தின் ஆலைகளிலும் நடந்தது. 1972இல் தீவின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே திறந்தது. முதல்வர் லிம் சோங் இயூவின் காலம் அது. அடுத்த சில பத்தாண்டுகளில் தகவல் சேமிப்புத் தொழிலும் இங்கே வேர்விட்டது. தட்டுகளுக்குக் காந்தப் பூச்சுப் பூசும் கோமாக் நிறுவனம் பினாங்கிலும் ஜொகூரிலும் சரவாக்கிலும் ஆலை நடத்தியது; 2007இல் அதை ஹார்ட் டிஸ்க் நிறுவனமான வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இன்னொரு ஹார்ட் டிஸ்க் நிறுவனமான சீகேட்டும் இந்தத் தீவில் ஆலை வைத்திருந்தது. முனையைத் தாங்கும் கைகளைச் செய்து கொடுத்த உள்ளூர் நிறுவனங்களும் வளர்ந்தன. உலகின் ஏதோ ஒரு மூலையில் சுழன்றுகொண்டிருந்த டிஸ்க்குக்குள் பினாங்குக்காரர்களின் கை பட்ட ஒரு பாகம் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆலைப் பேருந்து ஏறி இரவு ஷிப்டுக்குப் போய், தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு அணிந்து, தூசியில்லா அறைகளில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து உழைத்தவர்களை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். நானோமீட்டர் என்பது பாடப்புத்தகத்துக்கு வரும் முன்பே அவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது.

2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா ஹார்ட் டிஸ்க் ஆலையை 2019 முடிவுக்குள் மூடுவதாக அறிவித்தது. அதே அறிவிப்பில், பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியை விரிவாக்குவதாகவும் சொன்னது. செபராங் ஜெயாவுக்குத் தெற்கே, இரண்டாம் பினாங்குப் பாலம் கரை தொடும் பத்து காவானில் இன்று எஸ்எஸ்டிகள் தயாராகின்றன. நினைவகச் சிப்பு நிறுவனமான மைக்ரானின் ஆலையும் அங்கேதான். ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வியர்வை விழுந்த நிலம் அது. சுழலும் தட்டிலிருந்து சிப்புக்கு என்ற மாற்றத்தை அந்தச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம்.

சிப்பு எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? 1980களில் தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்ற ஜப்பானியப் பொறியாளர் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கினார். இன்று எஸ்எஸ்டிகளில் இருக்கும் நான்ட் வகையை அவர் குழு 1987இல் வெளியிட்டது. மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட ஒரு நுண்ணறைக்குள் எலக்ட்ரான்களை அழுத்தம் கொடுத்து ஏற்றிவிட்டால், மின்சாரம் போன பின்னும் அவை அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். எவ்வளவு ஏற்றம் இருக்கிறது என்று அளந்தால் அதுவே தகவல். எட்டு நிலைகளைப் பிரித்தறிய முடிந்தால் ஓர் அறையில் மூன்று பிட்டுகள். நகரும் பாகம் ஏதுமில்லை. ஆனால் அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் சிறிது நைகிறது. 'அப்படியானால் எஸ்எஸ்டி சீக்கிரம் கெட்டுவிடுமே' என்று அஞ்சுபவர்கள் உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்த அச்சம் தேவையில்லை. ஒரு டெராபைட் எஸ்எஸ்டிக்கு 600 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்பது இன்று சாதாரணம். நாளுக்கு 30 கிகாபைட் எழுதினாலும் ஆண்டுக்கு 11 டெராபைட்தான் ஆகிறது. ஐம்பது ஆண்டுகள் ஓடும். அதற்கு முன்னே கணினியின் மற்ற பாகங்கள் ஓய்ந்துவிடும்.

டிஸ்க் சாகப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவு முடியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலில் அதைப் பார்க்கலாம்: கெட்டுப்போய் மாற்றிடத்துக்கு அனுப்பப்பட்ட பகுதிகள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை. இந்த எண்கள் ஏறத் தொடங்கினால் நாள் குறித்தாயிற்று. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. பரிசோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் இறக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இறந்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த அறிகுறியையும் காட்டாமலே போய்விட்டன. ஆக, எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும். வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. டிக், டிக் என்று உள்ளே தட்டும் ஒலி கேட்டால் கணினியை உடனே அணைப்பதே நல்லது. முனை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டும் ஓசை அது. இயக்க இயக்கச் சேதம் கூடும்.

கடையில் பழுதுபார்ப்பவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, உள்ள இருக்கிற படமெல்லாம் போயிடுமா?" என்பதுதான். சரியான கேள்வி. டிஸ்க்குக்கு விலை உண்டு. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்துக்கு விலை கிடையாது. ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் நகல். யுஎஸ்பி வெளி டிஸ்க் ஒன்றில் ஆவணங்களையும் படங்களையும் போட்டுவிட வேண்டும். பிறகுதான் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது. ஒன்று, பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்வது. எஸ்எஸ்டியை யுஎஸ்பி-சாட்டா கம்பியில் (சாட்டா என்பது டிஸ்க்கைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் முறை) மாட்டி, குளோன் நிரலை ஓடவிட்டால் விண்டோஸ், நிரல்கள், அமைப்புகள் எல்லாம் அப்படியே வந்துவிடும். பழைய டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் அளவைத் தாங்கும் எஸ்எஸ்டி போதும். மற்றது, புதிதாக விண்டோஸ் பதிப்பது. டிஸ்க்கில் ஏற்கெனவே பிழைகள் இருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன். நோய்வாய்ப்பட்ட டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைப்பது அதன் கடைசி மூச்சையும் வாங்கிவிடலாம். உடைந்த கோப்புகளும் அப்படியே புதிய வீட்டுக்குக் குடிவரும்.

இங்கே பலர் சறுக்கும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்நுழையும் கணினிகள் சிலவற்றில் டிஸ்க் உரிமையாளருக்கே தெரியாமல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மீட்புச் சாவி எண்ணை முன்கூட்டியே மைக்ரோசாப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி வைக்காவிட்டால், மாற்றிய பின் கணினி அதைக் கேட்டு நிற்கும். இரண்டாவது ஆப்டேன். 2017 முதல் சில ஆண்டுகள் வந்த ஆல்-இன்-ஒன்களில் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தைக் கூட்ட அதோடு இன்டெலின் 16 கிகாபைட் ஆப்டேன் நினைவகத்தையும் கோத்திருந்தார்கள். அந்தப் பிணைப்பை முதலில் மென்பொருளில் அவிழ்க்காமல் குளோன் செய்தால் கணினி எழாது.

இனிப் பெட்டியைத் திறப்பது. சாதாரண மேசைக் கணினியில் பக்கவாட்டு மூடியை இழுத்தால் டிஸ்க் கண்முன் தெரியும். ஆல்-இன்-ஒன்னில் அந்தச் சலுகை இல்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மிச்ச மின்னேற்றம் வடியும். மேசையில் தடித்த துண்டு விரித்துத் திரையைக் குப்புறப் படுக்க வைக்கலாம். தாங்குகாலைக் கழற்றினால், விண்டோஸ் இயந்திரங்கள் பலவற்றில் பின்மூடி நெகிழிக் கொக்கிகளால் பிடித்திருக்கும். பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் ஒவ்வொன்றாக விடும். கத்தியோ இரும்போ வேண்டாம். திரையின் விளிம்பு ஒரு நொடியில் விரிசல் விட்டுவிடும். சில மாடல்களில் முன்பக்கத் திரையைத்தான் தூக்க வேண்டியிருக்கும். அப்போது படாரென்று இழுத்தால் திரைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள மெல்லிய கம்பி அறுந்துவிடும். டிஸ்க் மாற்றப் போய்த் திரை மாற்ற வேண்டி வந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கம்பியில் தவறியவர்களே. மின்வழங்கிப் பலகை உள்ளேயே இருக்கும் மாடல்களில் அதன் பக்கம் விரலே போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகள் ஏற்றத்தை வைத்திருக்கும்.

ஆப்பிளின் ஐமேக் தனி இனம். 2009 முதல் 2011 வரையிலான மாடல்களில் முன்கண்ணாடியைக் காந்தங்கள் பிடித்திருந்தன. உறிஞ்சு குமிழால் தூக்கிவிடலாம். ஆனால் ஆப்பிள் டிஸ்க்கின் வெப்பத்தை அறியத் தனி ஏற்பாடு வைத்திருந்தது. 2011 மாடலில் வேறு டிஸ்க்கை மாட்டினால் வெப்பச் செய்தி வராது. விசிறிகள் முழு வேகத்தில் இரையத் தொடங்கும். அதற்கென்று உணரிக் கம்பியோ விசிறியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளோ வேண்டியிருந்தது. 2012 முடிவில் வந்த மெல்லிய ஐமேக்கில் திரையையே பசைப்பட்டையால் ஒட்டிவிட்டார்கள். அதைப் பிரிக்கப் பொறுமையும், மீண்டும் ஒட்டப் புதிய பட்டையும் தேவை. ஆப்பிளே 2009 அக்டோபருக்கும் 2011 ஜூலைக்கும் இடையில் விற்ற ஐமேக்குகளில் குறிப்பிட்ட ஒரு டெராபைட் டிஸ்க்குகளை இலவசமாக மாற்றித்தர நேர்ந்தது. எளிதில் கெடக்கூடிய பாகத்தை எளிதில் அணுக முடியாத இடத்தில் வைப்பது தவறான வடிவமைப்பு. எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறுதான்.

மாட்டுவது எளிது. சாட்டா இணைப்பில் தகவலுக்கு ஏழு முனை, மின்சாரத்துக்குப் பதினைந்து முனை; தலைகீழாக நுழையாது. இரண்டரை அங்குல டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். மூன்றரை அங்குல இடமாக இருந்தால் ஒரு தாங்கி போதும். தாய்ப்பலகையில் எம்.2 துளை காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பட்டை எஸ்எஸ்டி அங்கே போகும். ஆனால் அந்தத் துளை சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்யாமல் வாங்கக் கூடாது. உருவம் ஒன்றுபோல் இருக்கும், மொழி வேறு.

எஸ்எஸ்டி வந்துவிட்டது என்று நகல் எடுப்பதை விட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டியோ நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்று காணாமல் போகும். தவறுதலாக அழித்த கோப்பையும் அதில் மீட்பது கடினம். பயன்படாத அறைகளை அது தானே துடைத்து வைத்துவிடும். மின்சாரமே தராமல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைக்கவும் அது உகந்ததன்று. அறைகளிலிருந்து ஏற்றம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஆண்டு முழுவதும் வெக்கையாக இருக்கும் நம் ஊரில் இதை நினைவில் வைப்பது அவசியம்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். உங்கள் இயந்திரம் அதற்கும் முந்தையது என்றால் எஸ்எஸ்டி வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. அப்போது லினக்ஸ் பதித்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். வங்கிப் பரிமாற்றத்தைப் புதுப்பிப்பு வரும் கருவியில் செய்யுங்கள்.

கழற்றிய டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்றால் யுஎஸ்பி உறையில் போட்டு இரண்டாம் நகலுக்கு வைக்கலாம். இரண்டரை அங்குலத்துக்கு யுஎஸ்பியின் 5 வோல்ட் போதும்; மூன்றரை அங்குலத்தின் மோட்டாருக்கு 12 வோல்ட் தேவை என்பதால் தனி மின்செருகி வேண்டும். வேண்டாத டிஸ்க்கைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதற்கென உரிமம் பெற்றவர்கள் சேகரிக்கிறார்கள். கொடுக்கும் முன் உள்ளிருப்பதை மென்பொருளால் முழுக்க மேலெழுதுங்கள். டிஸ்க் இயங்கவே இல்லையென்றால் தட்டில் துளையிட்டுக் கொடுங்கள். உங்கள் அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கும் மருத்துவச் சீட்டும் அந்தத் தட்டில்தான் இருக்கின்றன.